காற்றும் பாலமும்

அமெரிக்க நாட்டின் வடமேற்குக் கோடியில் வாஷிங்டன் என்னும் மாநிலம் உள்ளது. அதன் கடற்கரை நேராகச் செல்வதன்று. கடல் பல கைகளாகப் பிரிந்து நிலத்தினுள் நெடுந்தொலைவு நுழைந்து கிடக்கும். அக்கடற்கைகளுள் ஒன்று டகோமா நகரை அடுத்து மிகக் குறுகி, ஆழமும் நீரோட்டத்தின் விரைவும் மிக்கதாய்ச் செல்கின்றது. அவ்விடத்திற்கு டகோமா நாரோஸ் என்று பெயர். இரு கரைகளையும் இணைக்க அங்கே ஒரு தொங்கு பாலம் கட்டி, 1940-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று மக்கள் வழக்கிற்குத் திறந்துவிட்டனர். இரண்டு கோபுரங்களுக்கும் இடைப்பட்ட அதன் நடுப்பகுதி 2,800 அடி நீளம் உடையது. அந்நாளில் உலகிலிருந்த தொங்கு பாலங்களுள் நீளத்தில் அது மூன்றாம் இடம் பெற்றிருந்தது. ஆயின் அதன் அகலமோ 39 அடியே. நீளத்தை அகலத்தால் வகுத்தால் ஏறத்தாழ எழுபத்திரண்டு மடங்கு வரும். இரு கோபுரங்களுக்கிடையே ஒரு நாடாவைப் பிடித்துக் கட்டினாற்போன்ற தோற்றம் அது.

முதலில் வகுத்த திட்டம் வேறு. பாதையைத் தாங்குவதற்கு 25 அடி உயரமுள்ள எஃகுச் சட்டகங்களை இருபுறமும் அமைக்க எண்ணியிருந்தனர். அதற்கு ஆகும் பொருட்செலவு மிகுதி. லியோன் மொய்சீஃப் என்னும் பொறியியல் அறிஞர் அத்துணை உயரமான சட்டகங்கள் வேண்டா என்றும், 8 அடி உயரமுள்ள எஃகுத் தகட்டு விட்டங்களே போதும் என்றும் கணக்கிட்டுக் காட்டினார். அவர் தொங்கு பாலக் கலையில் அந்நாட்டின் முதல்வரிசை வல்லுநருள் ஒருவர். சான் பிரான்சிஸ்கோவின் புகழ்பெற்ற கோல்டன் கேட் பாலத்திற்கும் கருத்துரை வழங்கியவர். நீண்ட வடங்களும் பாதையின் எடையுமே பாலத்தை நிலைநிறுத்தும். காற்றின் தள்ளுகையில் ஒரு பகுதியை வடங்களே ஏற்றுக்கொள்ளும் என்பது அவர் கொள்கை. பாலத்தின் எடையைக் கணக்கிட்டார். ஊர்திகளின் எடையைக் கணக்கிட்டார். பக்கவாட்டில் வீசும் பெருங்காற்று எவ்வளவு அழுத்தும் என்பதையும் கணக்கிட்டார். அக்கணக்குகளில் கூட்டற்பிழையோ பெருக்கற்பிழையோ இல்லை. செலவும் பெரிதும் குறைந்தது. அழகிலும் அப்பாலம் குறைவுடையதன்று.

கட்டும்பொழுதே பாலம் ஆடத் தொடங்கிற்று. சிறு காற்று வீசினும் பாதை அலைபோல் எழுந்தும் தாழ்ந்தும் அசைந்தது. வண்டியோட்டிச் செல்வோர்க்கு முன்னே செல்லும் வண்டி ஒருகணம் அலைப்பள்ளத்தில் மறைந்து, மறுகணம் மேலெழுந்து தோன்றும். இவ்விந்தையைக் காண்பதற்கென்றே தொலைவூர்களிலிருந்து மக்கள் வந்தனர். அதற்குத் ‘துள்ளும் கெர்ட்டி’ என்று செல்லப்பெயரும் இட்டனர். பொறுப்புடையோர்க்கு அஃது உவகை தரவில்லை. பாலத்தின் பக்கப் பகுதிகளை வடங்களால் பெரிய கான்கிரீட் கட்டைகளோடு பிணைத்துப் பார்த்தனர். பிணைப்பொன்று நவம்பர்த் திங்கள் முதல் நாள் வீசிய பெருங்காற்றில் அறுந்துபோயிற்று. வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பர்க்வார்சன் என்பார் பாலத்தின் சிறு மாதிரிகளைச் செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஆராய்ந்தார். விட்டங்களில் துளைகளிட்டுக் காற்றுப் புகுந்து செல்ல வழி செய்யலாம். அன்றேல் அவற்றின் புறத்தே வளைந்த தகடுகளைப் பொருத்திக் காற்றை விலக்கலாம் என்பது அவர் கண்ட முடிவு. தகடு பொருத்துவதென்று தீர்மானித்து அதற்கான ஏற்பாடுகளும் நடந்துகொண்டிருந்தன. அவ்வேலை தொடங்குமுன் காற்று முந்திக்கொண்டது.

1940-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் காலையில் மணிக்கு ஏறத்தாழ 42 மைல் விரைவில் காற்று வீசிற்று. இது புயலன்று, பாலம் தாங்குமென்று கணக்கிட்ட காற்றினும் மிகக் குறைந்ததே. வழக்கம்போல் மேலுங் கீழும் அசைந்துகொண்டிருந்த பாதை, பத்து மணியளவில், நடுவில் வடத்தைப் பற்றியிருந்த பிடி ஒன்று நழுவியதும், அசைவின் இயல்பையே மாற்றிக்கொண்டது. ஒரு விளிம்பு மேலெழ, மறு விளிம்பு தாழ, ஈரத்துணியை முறுக்குவதுபோல் பாதை முறுக்கிக்கொண்டது. மீண்டும் எதிர்ப்புறமாய் முறுக்கிற்று. ஒருபுற நடைபாதை மறுபுற நடைபாதையினும் 28 அடி மேலே நின்ற கணங்களும் உண்டு. அப்போது பாலத்தின்மேல் வண்டியோடு அகப்பட்டுக்கொண்ட செய்தித்தாள் ஆசிரியர் ஒருவர், வண்டியை விட்டிறங்கி, நிற்கவும் இயலாமல், கைகளாலும் முழங்கால்களாலும் தவழ்ந்து கரை சேர்ந்தார். வண்டியில் இருந்த நாய் வெளிவர மறுத்தது. அதனை மீட்கச் சென்ற பேராசிரியர் பர்க்வார்சனையும் அது அச்சத்தால் கடித்துவிட்டது. பதினொரு மணிக்குப் பாதை துண்டுதுண்டாகப் பிளந்து கடலில் வீழ்ந்தது. மனித உயிர் ஒன்றும் மாயவில்லை. அவ்வேழை நாய் மட்டுமே உயிர் துறந்தது. பாலத்தின் ஆட்டமும் வீழ்ச்சியும் திரைப்படமாகப் பிடிக்கப்பட்டமையால், அக்காட்சியை இன்றும் காணலாம்.

திறந்து நான்கு திங்களே ஆகியிருந்தன.

அடுத்து எழுந்த வினா, இத்துணைச் சிறு காற்று இத்துணைப் பெரும் எஃகை எவ்வாறு முறித்தது என்பதாகும். ஆராய்வதற்கு அமைத்த குழுவினர் மூவருள் தியோடர் வான் கார்மன் ஒருவர். அவர் பாலங்கட்டுபவர் அல்லர். வானூர்திகளின் மேல் காற்று இயங்கும் முறையை ஆராய்ந்தவர். இரப்பராற் செய்த சிறு பாலமொன்றை அவர் ஒரு மின்விசிறியின் முன் வைத்து நோக்கினார். ஒரு குறிப்பிட்ட விரைவில் காற்றுப் பட்டதும் அஃது ஆடத் தொடங்கிற்று. பழைய வடிவிலேயே மீண்டும் கட்டுவதாக அரசின் தலைவர் அறிவித்தபோது, அவ்வாறே கட்டினால் அவ்வாறே விழும் என்று எச்சரித்தவரும் அவரே. குழுவினர் 1941-ஆம் ஆண்டு அறிக்கை தந்தனர். வடிவமைத்தவர் அந்நாளில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட முறையைப் பின்பற்றியே கணக்கிட்டார் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஆதலின் மொய்சீஃப் ஒருவரையே அறியாதார் என இகழ்தல் நேர்மையாகாது. குறை அவர் ஒருவரின் கணக்கிலன்று. அக்காலத்துக் கணக்கு முறை முழுவதிலும் இருந்தது.

அம்முறையில் காற்று ஒன்று, பாலம் மற்றொன்று எனத் தனித்தனியே வைத்து எண்ணப்பட்டன. காற்று பாலத்தைத் தள்ளும். பாலம் சிறிது வளையும். அத்தோடு கணக்கு முடிந்தது. உண்மையில் அஃது அங்கே முடிவதில்லை. பாதை சிறிது சாய்ந்ததும் காற்று செல்லும் வழி மாறுகின்றது. வழி மாறிய காற்று முன்போல் தள்ளாமல் வேறு விதமாய்த் தள்ளுகின்றது. அத்தள்ளுகை சாய்வை மிகுவிக்கின்றது. மிகுந்த சாய்வு காற்றை மேலும் மாற்றுகின்றது. இங்ஙனம் பாலத்தின் அசைவே காற்றிலிருந்து தனக்கு வேண்டிய ஆற்றலை இழுத்துக்கொள்கின்றது. ஊஞ்சலில் இருப்பவனைப் பிறரொருவர் ஆட்டுவது வேறு. ஊஞ்சலே தன் ஒவ்வோர் ஆட்டத்தாலும் ஆட்டுபவனுக்கு ஆணையிட்டுக்கொள்வது வேறு. டகோமாவில் நிகழ்ந்தது பின்னது.

இலக்கணம் பயின்றார்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. பொன் என்னும் சொல்லோடு மலை என்னும் சொல் சேர்ந்தால் பொன்மலை என்றாகும். இரண்டும் தம் இயல்பிலேயே நிற்கின்றன. பொன்னோடு குடம் சேர்ந்தால் பொற்குடம் என்றாகும். நிலைமொழியின் ஈறு திரிகின்றது, வருமொழி திரியவில்லை. பொன்னோடு தாமரை சேர்ந்தாலோ பொற்றாமரை என்றாகும்; நிலைமொழியின் ஈறும் திரிந்தது, வருமொழியின் முதலும் திரிந்தது. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே நன்கறிந்த ஒருவன், புணர்ச்சி விதியை அறியானாயின் பொற்றாமரையைச் சரியாக எழுதமாட்டான். இயற்கையின் ஆற்றல்களும் இவ்வாறே சில இடங்களில் இயல்பாயும், சில இடங்களில் ஒன்று மட்டும் திரிந்தும், சில இடங்களில் இரண்டும் திரிந்தும் புணர்கின்றன. டகோமாப் பாலத்தைக் கட்டியோர் காற்றையும் எஃகையும் தனிச்சொற்களாக அறிந்திருந்தனர்; அவற்றின் புணர்ச்சியை அறிந்திலர்.

வீட்டிலே எரிந்த பழைய மின்விளக்கிலும் இத்தகைய புணர்ச்சி உண்டு. மெல்லிய டங்ஸ்டன் இழையில் மின்னோட்டம் பாய்வதால் வெப்பம் உண்டாகின்றது. வெப்பம் ஏறியதும் இழையின் மின்தடை, குளிர்ந்திருந்த நிலையினும் பத்து மடங்குக்கு மேல் உயர்கின்றது. தடை உயர்ந்ததும் மின்னோட்டம் குறைகின்றது. குறைந்த மின்னோட்டத்திற்கேற்ப வெப்பம் அமைகின்றது. மின்னோட்டத்தை அறிய வெப்பம் வேண்டும். வெப்பத்தை அறிய மின்னோட்டம் வேண்டும். எதனை முதலிற் கணக்கிடுவது? இரண்டையும் ஒருங்கே கணக்கிட்டாலன்றி உண்மை விடை கிட்டாது. விளக்கு சிறியது, அதன் கணக்கைத் தாளிலேயே முடிக்கலாம். அரை மைலுக்கு மேல் நீண்ட பாலத்தையும் அதன்மேல் புரளும் காற்றையும் தாளில் முடிப்பது எங்ஙனம்?

பெரிய பொருளைச் சிறு சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறுக்கும் எளிய கணக்கிட்டு, அவற்றைக் கோத்து விடை காண்பதே வழியென்று அறிஞர் முன்பே உணர்ந்திருந்தனர். லூயி ஃப்ரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1910-ஆம் ஆண்டில், கல்லாற் கட்டிய அணையொன்றின் உள்ளே எழும் தகைவுகளை இவ்வழியாற் கண்டறிய முற்பட்டார். தகைவு என்பது ஒரு பொருளின் உட்பகுதிகள் ஒன்றையொன்று இழுக்கவும் அமுக்கவும் செய்யும் விசையின் அளவு. கணினி இல்லாத காலம் அது. ஆதலின் கூட்டல் கழித்தல்களைச் செய்யச் சிறுவர்களை அமர்த்தினார். செய்த கணக்குகளின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி. பிழைபட்ட கணக்கிற்குக் கூலி இல்லை! அவரே பின்னர் வானிலையையும் அம்முறையாற் கணிக்க முயன்று, ஆறு மணி நேரத்து மாற்றத்தை அறியப் பல கிழமைகள் உழைத்து, மிகத் தவறான விடையே பெற்றார். பெற்ற தவற்றை மறைக்காமல் 1922-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டமையே அவர்தம் பெருமை. பெருந்திரளான மனிதக் கணக்கர் ஒரே மண்டபத்தில் அமர்ந்து உலகின் வானிலையைக் கணிக்கும் காட்சியை அந்நூலில் அவர் கற்பனை செய்துள்ளார்.

அம்மண்டபத்தின் வேலையைச் செய்யும் பொறி இரண்டாம் உலகப்போரின் பின் வந்து சேர்ந்தது. டகோமாவிற்கு அண்மையிலுள்ள சியாட்டில் நகரத்துப் போயிங் வானூர்தி நிறுவனத்தாரும் பல்கலைக்கழக ஆசிரியரும் கூடி, வானூர்தியின் இறக்கையை முக்கோணமும் நாற்கோணமுமான சிறு கூறுகளாகப் பகுத்து அதன் விறைப்பைக் கணக்கிடும் முறையை 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்களுள் ஒருவரான ரே கிளஃப் என்பார் 1960-ஆம் ஆண்டில் அதற்கு ‘வரையறுத்த கூறுகளின் முறை’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். ஒரு பொருளின்மேல் மீன்வலையைப் போர்த்தினாற்போல் அதனைப் பகுத்துக்கொள்வதால், அப்பகுப்பிற்கு வலை என்றே பெயர். வலையின் கண்கள் நெருங்க நெருங்க விடை உண்மையை அணுகும், கணக்கும் பெருகும்.

ஒரே ஆற்றலைக் கணக்கிடுவதோடு நில்லாமல், பல ஆற்றல்களின் புணர்ச்சியையும் கணினியில் நடித்துக் காட்டச் செய்தல் அடுத்த படி. பாலத்திற்கு ஒரு வலை; அதனைச் சூழ்ந்த காற்றிற்கு ஒரு வலை. முதலில் நொடியின் மிகச் சிறு பகுதிக்குக் காற்றின் ஓட்டத்தைக் கணக்கிட்டு, அது பாலத்தின் ஒவ்வொரு கூறையும் எவ்வளவு அழுத்துகின்றது என்று காண்பர். அவ்வழுத்தத்தைப் பாலத்தின் வலைக்குக் கொடுத்து, பாலம் எவ்வளவு நகர்ந்தது என்று காண்பர். நகர்ந்த பாலத்திற்கேற்பக் காற்றின் வலையும் வடிவு மாறும். மாறிய வலையில் மீண்டும் காற்றைக் கணக்கிடுவர். இருவர் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டுப் பேசுவது போன்றது இது. காற்று கூறுவதைப் பாலம் கேட்கும், பாலம் கூறுவதைக் காற்று கேட்கும். இருவர் கூற்றும் ஒத்து வந்த பின்னரே அடுத்த நொடிப்பகுதிக்குச் செல்வர். சில நிமிட ஆட்டத்தைக் காண இலட்சக்கணக்கான முறை இவ்வுரையாடல் நிகழவேண்டும். ரிச்சர்ட்சன் அமர்த்திய சிறுவர்களின் கூலியை எண்ணிப் பார்க்கவும் இயலாது.

இம்முறையின் துணையால் டகோமாப் பாலத்தின் இறுதி ஆட்டத்தை மீண்டும் கணினியில் ஆடவிட்டுப் பார்த்தவருள் டென்மார்க்கு நாட்டுப் பொறியியலார் குறிப்பிடத்தக்கவர். 1990-களின் இறுதியில் அவர்கள் செய்த கணிப்பில் ஓர் உண்மை கண்கூடாகத் தெரிந்தது. காற்று வந்து மோதும் முன்விளிம்பில், செங்குத்தாக நிற்கும் தகட்டு விட்டத்தால் ஒரு பெருஞ்சுழல் உண்டாகின்றது. அச்சுழல் அங்கேயே நில்லாமல் பாதையின்மேல் உருண்டு மறுவிளிம்பை நோக்கிச் செல்கின்றது. அது கடக்கும் நேரமும் பாதை முறுக்கும் நேரமும் இசைந்துவிடுமாயின், சுழல் செல்லுமிடமெல்லாம் முறுக்கை மிகுவித்துக்கொண்டே செல்லும். அவ்விசைவு காற்றின் ஒரு குறிப்பிட்ட விரைவிற்கு மேல்தான் நேர்கின்றது.

நெடுங்காலம் பள்ளிப் புத்தகங்கள் பலவற்றில், டகோமாப் பாலம் ஒத்ததிர்வினால் வீழ்ந்தது என்று எழுதி வந்தனர். காற்றில் இயல்பாய் விட்டு விட்டு எழும் சுழல்கள் பாலத்தின் இயல்பான அதிர்வோடு ஒத்தன என்பது அவ்விளக்கம். கேட்பதற்கு எளிது, ஆயின் அளவுகள் அதற்கு இடந்தரவில்லை. அன்றைய காற்றில் அத்தகைய சுழல் ஏறத்தாழ நொடிக்கு ஒன்றாக எழுந்திருக்கவேண்டும். பாலமோ ஒருமுறை முறுக்கித் திரும்ப ஐந்து நொடி கொண்டது. இரண்டிற்கும் ஒப்புமை எங்கே? இப்பிழையை 1991-ஆம் ஆண்டில் இரு அறிஞர் ஓர் இயற்பியல் இதழில் எடுத்துக்காட்டினர். ஆயினும் பழைய விளக்கம் புத்தகங்களை விட்டு முற்றும் அகன்றபாடில்லை.

டென்மார்க்கினர் இவ்வாராய்ச்சியில் இறங்கியது வெறும் ஆவலால் அன்று. அவர்கள் தம் நாட்டுத் தீவுகளை இணைக்க 1,624 மீட்டர் இடைநீளமுள்ள தொங்கு பாலம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தனர். கிரேட் பெல்ட் எனப்படும் கடற்கால்வாயின்மேல் அமைந்த அப்பாலத்தின் பாதை, டகோமாவைப்போல் செங்குத்துத் தகடுகளால் காற்றை மறிப்பதன்று. வானூர்தி இறக்கையைப்போல் இருபுறமும் ஒடுங்கிக் காற்றைப் பிளந்து விடுவது. அவ்வடிவைக் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தனர், கணினியிலும் ஆராய்ந்தனர். அங்ஙனமிருந்தும் 1998-ஆம் ஆண்டில், திறப்பதற்குச் சற்று முன், மென்காற்றில் பாதை மேலுங்கீழும் அசையக் கண்டனர். அடிப்புறத்து விளிம்புகளில் காற்றை வழிப்படுத்தும் தகடுகளைப் பொருத்தியதும் அசைவு அடங்கிற்று. டகோமாவிற்குக் கிட்டாமற்போன மருந்து இதற்குக் காலத்தே கிட்டியது.

பல ஆற்றல்களை ஒருங்கே கணிக்கும் இம்முறை இன்று பாலங்களோடு நிற்கவில்லை. செயற்கை இதய வால்வின் மெல்லிய இதழ்கள் குருதியோட்டத்தில் எவ்வாறு மடங்கித் திறக்கும், மின்கலத்தினுள் வேதிவினையும் வெப்பமும் மின்னோட்டமும் எவ்வாறு ஒன்றையொன்று தூண்டும், சுழலியின் தகடுகள் கொதிவளியில் எவ்வளவு விரியும் என்னும் வினாக்களுக்கெல்லாம் பொருளைச் செய்யுமுன்பே விடை தேடுகின்றனர். பத்து வடிவங்களைச் செய்து உடைத்துப் பார்க்கும் செலவு, பத்து வடிவங்களைக் கணித்துப் பார்ப்பதால் மிஞ்சுகின்றது.

ஆயின் கணினி, கேட்ட வினாவிற்கே விடை கூறும். கேளாத வினாவிற்குக் கூறாது. வலையைத் தவறாகப் பின்னிக் கொடுத்தால், தவறான விடையையும் அதே விரைவோடும் அதே உறுதியோடும் எழுதித் தரும். தடுமாற்றம் அதன் முகத்தில் தோன்றுவதில்லை. இதனை நார்வே நாட்டினர் பெருவிலை கொடுத்துக் கற்றனர்.

வட கடலில் ஸ்லீப்னர் என்னும் எரிவளி வயலில், 82 மீட்டர் ஆழமுள்ள நீரில் ஊன்றி நிறுத்துவதற்காக, கான்கிரீட்டால் ஒரு மாபெரும் அடித்தளத்தைக் கட்டினர். அதில் உருளை வடிவான 24 அறைகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. நான்கு அறைகள் மட்டும் உயர்ந்து தூண்களாகி, 57,000 டன் எடையுள்ள மேற்றளத்தைத் தாங்கவேண்டும். மூன்று நாணயங்களை ஒன்றையொன்று தொடுமாறு வைத்தால், நடுவே ஒரு சிறு முக்கோண இடைவெளி தோன்றுமன்றோ? உருளை அறைகள் கூடுமிடங்களிலும் அத்தகைய முக்கோணக் கிணறுகள் இருந்தன. அவை மேற்புறம் திறந்திருந்தமையால் கடல்நீர் அவற்றுள் நிறைந்து, சுவர்களை வெளிநோக்கித் தள்ளும். கட்டடம் ஆழ அமிழ அமிழ அத்தள்ளுகை வலுக்கும். இவ்வளவும் வடிவமைத்தோர் அறிந்தனவே. சுவர்களில் எழும் தகைவைக் கணினியில் கூறுகளின் முறையாற் கணக்கிட்டும் இருந்தனர்.

1991-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23-ஆம் நாள், ஸ்டவாங்கர் நகரை அடுத்த கடற்கழியொன்றில் மேற்றளத்தைப் பொருத்துவதற்கு முன்னேற்பாடாக அடித்தளத்தைச் சிறிது சிறிதாக நீரில் அமிழ்த்தினர். உள்ளிருந்து பேரோசை ஒன்று எழுந்தது. நீர் இரைந்து புகும் ஓசை தொடர்ந்தது. எக்கிகள் இறைக்கும் அளவினும் புகும் நீர் மிகுதி. அங்கிருந்தோர் அனைவரும் வெளியேறி உயிர் தப்பினர். இருபது நிமிடங்களுக்குள் கட்டடம் முழுதும் மூழ்கிற்று. அது 220 மீட்டர் ஆழத்தில் அடித்தரையில் மோதி நொறுங்கிய அதிர்ச்சியை நிலநடுக்கக் கருவிகள் 3 என்னும் அளவாகப் பதிந்தன. இழப்பு ஏறத்தாழ 70 கோடி டாலர் என மதிப்பிட்டனர்.

ஆராய்ந்தபோது வெளிப்பட்ட காரணம் மிகச் சிறியது. முக்கோணக் கிணற்றின் சுவர் மற்றைச் சுவரோடு சேரும் மூலையில், கணினிக்குக் கொடுத்த வலையின் கண்கள் மிகப் பெரியனவாயும் கோணலாயும் இருந்தன. அதனால் சுவரை நறுக்கிவிட முயலும் விசையின் தகைவு, உள்ளதினும் 47 விழுக்காடு குறைவாகக் கணிக்கப்பட்டது. தகைவு குறைவென்று நம்பியமையால் சில சுவர்களின் கனம் போதாமற்போயிற்று. அம்மூலையில் இட்ட எஃகுக் கம்பிகளும் வேண்டிய நீளம் இன்றிக் குட்டையாக நின்றுவிட்டன. மூலையில் வலையை நெருக்கிப் பின்னி மீண்டும் கணக்கிட்டபோது, 62 மீட்டர் நீரின் அழுத்தத்தில் சுவர் உடையும் என்று கணினியே கூறிற்று. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில்.

கணிக்கும் முறை பொய்யாகவில்லை என்பதற்கு இவ்விரண்டு எண்களின் நெருக்கமே சான்று. பொய்யானது, முதல் விடையை ஐயுறாமல் ஏற்றுக்கொண்ட மனம். ஒரு சுவரையும் அதன்மேல் அழுத்தும் நீரையும் மட்டும் தனியே எடுத்து, தாளும் எழுதுகோலும் கொண்டு எளிய கணக்கொன்று போட்டிருப்பின், சுவரின் வலுக்குறைவு அப்பொழுதே தெரிந்திருக்கும் எனப் பின்னர் ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். அத்தகைய கணக்கிற்கு வேண்டியது அரைநாள் உழைப்பு.

நல்ல வடிவமைப்பாளர் இதனால் சில வழக்கங்களைக் கைக்கொள்கின்றனர். விடை முன்பே தெரிந்த எளிய வினாவொன்றை முதலிற் கணினிக்குக் கொடுத்துச் சோதிப்பர். வலையின் கண்களைப் பாதியாகக் குறைத்து மறுபடி கணக்கிடுவர். விடை மாறினால் மேலும் குறைப்பர். மாறாமை கண்ட பின்னரே அதனை எடுத்துக்கொள்வர். காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்துப் பார்ப்பதையும் விட்டுவிடவில்லை. கணினிக்கு முந்திய தலைமுறையில் கைக்கணக்குப் பயின்று முதிர்ந்த பொறியியலார், வந்த எண்ணைக் கண்ட அளவிலே ‘இது பொருந்தாது’ என்று சொல்லக் கேட்டிருப்பவர் உண்டு. அத்திறத்தை எந்தப் பொறியும் தானே ஈட்டித் தந்ததில்லை; பல நூறு சிறு கணக்குகளைத் தாமே போட்டுப் பார்த்தவர்க்கே அது கைவந்தது.

டகோமாவில் 1950-ஆம் ஆண்டில் புதிய பாலம் எழுந்தது. அதன் சட்டகங்கள் 33 அடி உயரமுடையவை. காற்று ஊடுருவிச் செல்லும் கம்பி வலைகளையும் பாதையிலேயே இட்டனர். 2007-ஆம் ஆண்டில் அதனருகே இணையாக மற்றொரு பாலமும் கட்டப்பெற்றது. பழைய பாலத்தின் எஃகுத் துண்டுகள் அவற்றின் கீழே கடலடியில் கிடக்கின்றன. மீன்கள் அவற்றினிடையே உறைகின்றன. ஸ்லீப்னர் வயலுக்கும் வேறோர் அடித்தளத்தைக் கட்டினர். மூலைச் சுவர்களின் கணக்கைப் புதிதாய்ப் போட்டுச் சரிபார்த்த பின், 1993-ஆம் ஆண்டில் அதனைக் கடலுக்கு இழுத்துச் சென்று, 82 மீட்டர் நீரில் நிறுத்தினர்.